தலைமன்னார்க் கரையில் ஆவிரை

ஒரு நாட்டின் நிலவியல்பை அறிய விரும்புவோர் அந்நாட்டின் மலைகளையும் ஆறுகளையுமே முதற்கண் நோக்குவர். ஆயின் மலையும் ஆறும் இல்லாத நிலங்களும் உள. அவற்றின் இயல்பை எடுத்துரைப்பன, அங்கே எவரும் இடாமல் முளைத்து எவரும் நீரூற்றாமல் வாழும் செடிகொடிகளேயாம். மன்னார்த் தீவு அத்தகையதொரு நிலம். ஏறக்குறைய 26 கிலோமீற்றர் நீளமுடைய இம்மணற்றிட்டின் வடமேற்கு முனையே தலைமன்னார். அதற்கப்பால் நிலம் தொடர்ச்சியற்று, மணற்றிடர்களாய்ச் சிதறிச் சேதுவாக நீண்டு தனுக்கோடியை நோக்கிச் செல்கின்றது.

மன்னார் என்றதும் முத்துக்குளிப்பும், அராபிய வணிகர் கொணர்ந்தனர் எனக் கருதப்படும் பெருக்க மரங்களும், எதிர்க்கரையிலுள்ள திருக்கேதீச்சரமும் நம் நினைவிற்கு வரும். இவற்றிற்கிடையே கிடக்கும் பற்றை நிலத்தை நினைப்பார் சிலரே. புகைவண்டியின் பலகணி வழியே அதனை நோக்குவோர் 'வெறும் பற்றை' என்று கூறிக் கண்களைக் கடற்பக்கம் திருப்புவர். அப்பற்றையிலே மஞ்சட் பூக்களோடு நிற்கும் ஒரு செடியைப் பற்றியதே இக்கட்டுரை. அச்செடி ஆவிரை. அது தன்னைக் காத்துக்கொள்வதற்காகத் தன் உடலில் ஆக்கிக்கொண்ட பொருள்களே மனிதருக்குப் பயன்பட்டன என்பதும், அவ்வாறாயின் அது வாழும் நிலத்தை வெறுநிலம் என்று கூறுதல் பொருந்தாது என்பதும் ஈண்டு விளக்கப்படும்.

ஆவிரை என்பது நூல் வழக்கு. ஆவாரை, ஆவாரம், ஆவரசு என்பன உலக வழக்கு. சிங்கள மக்கள் இதனை 'ரணவரா' என்பர். தெலுங்கர் 'தங்கேடு' என்பர். இலின்னேயசு என்னும் சுவீடிய நாட்டு அறிஞர் 1753ஆம் ஆண்டில் இதற்குக் 'கசியா ஒரிக்குலாற்றா' என்று பெயரிட்டார். பிற்காலத்தார் இதனைச் 'செனா' என்னும் சாதியிற் சேர்த்தமையால் 'செனா ஒரிக்குலாற்றா' என்பதே இன்று வழங்கும் தாவரவியற் பெயராகும். ஒரிக்குலாற்றா என்பதற்குக் காதுடையது என்பது பொருள். இலைக்காம்பின் அடியில் காது மடல் போன்று அகன்று நிற்கும் இரண்டு செதில்கள் இப்பெயருக்குக் காரணமாயின. பூவில்லாத காலத்தும் இச்செடியை ஐயமற அறிதற்கு அக்காதுகளே போதும்.

ஆவிரை பல கிளைகளாகப் பிரியும் புதர்ச்செடி. பெரும்பாலும் ஆளுயரத்திற்கு மேற்படாது. ஓரிலையில் எட்டு முதல் பன்னிரண்டு இணைச் சிற்றிலைகள் இருக்கும். மலர்கள் ஏறத்தாழ ஐந்து சதமமீற்றர் அகலமுடையன, பொன்னிறமானவை, கிளைகளின் நுனியிற் கொத்தாக மலர்வன. காய் தட்டையானது, முற்றியபின் தாள் போல மெலிந்து காற்றிற் சலசலக்கும். ஆண்டு முழுவதும் இலையோடு நிற்றலால் இஃது என்றும் பசுமையான செடிகளுள் வைத்து எண்ணப்படும். இவ்வியல்பே முதலில் நம் சிந்தனைக்குரியது. மன்னார்த் தீவிலே பசுமை மாறாமல் நிற்றல் எளிய செயலன்று.

மன்னார் இலங்கையின் மிக வறண்ட பகுதிகளுள் ஒன்று. ஆண்டு மழை ஏறக்குறைய ஆயிரம் மில்லிமீற்றர். அதனிற் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரையுள்ள வாடைக் காலத்தில் ஒருங்கே பெய்துவிடும். சித்திரையில் ஒருசிறிது பெய்யும். வைகாசி முதல் புரட்டாதி வரை மழை அரிது. ஆனால் சோளகக் காற்று ஓயாது வீசும். அக்காற்று இலையிலுள்ள நீரை உறிஞ்சுவதோடு கடலின் உப்பையும் இலைமீது படியவைக்கும். பெய்த மழையும் மணலினூடே விரைந்து கீழிறங்கிவிடும். இந்நிலையில் நெடிய பெருக்க மரம் தன் இலைகளை உதிர்த்துவிட்டு, நீர் நிறைந்த தன் பருத்த அடிமரத்தை நம்பி வறட்சியைக் கழிக்கின்றது. ஆவிரையோ இலைகளை உதிர்ப்பதில்லை. அயலான் ஒருவன் கதவடைத்து உறங்கும் காலத்தில் வீட்டுக்குரியவன் தன் தொழிலைச் சுருக்கி நடத்துவதை இஃது ஒக்கும்.

கடற்கரைப் புதர்நிலங்களிலே என்றும் பசிய செடிகள் வாழ்தல் மன்னாருக்கு மட்டும் உரியதன்று. தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலும், மேற்கு அவுஸ்திரேலியாவின் தென்பகுதியிலும், கலிபோர்ணியாவிலும், மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளிலும் இத்தகைய புதர்நிலங்கள் பரந்து கிடக்கின்றன. அங்கெல்லாம் மழை குளிர்காலத்திற் பெய்யும். கோடை வறண்டு வெம்மையுறும். எண்ணெய்ப் பசையும் உலர்ந்த சுள்ளியும் நிறைந்த நெருங்கிய புதர்கள், சில ஆண்டுகளுக்கோ சில பத்தாண்டுகளுக்கோ ஒருமுறை தீப்பற்றி எரியும். அத்தீ அந்நிலத்திற்குப் புதியதன்று. அங்குள்ள செடிகள் தீயைத் தம் வாழ்க்கை முறையுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டவை.

எடுத்துக்காட்டாக, அவுஸ்திரேலியாவின் பாங்சியா இனங்களுட் பல, தம் விதைகளை மரம்போன்ற கடிய காய்களுக்குள்ளே ஆண்டுக்கணக்காக அடைத்து வைத்திருக்கும். தீயின் வெம்மை பட்டபின்னரே அக்காய்கள் வாய்திறந்து, புதிய சாம்பல் மீது விதையை உதிர்க்கும். வேறு சில செடிகள் மேற்பகுதி எரிந்தொழிந்தாலும் நிலத்தடியிலுள்ள பருத்த அடிக்கட்டையினின்று மறுபடியும் துளிர்க்கும். இன்னுஞ் சிலவற்றின் விதைகளை முளைக்கத் தூண்டுவது புகையேயாகும். தென்னாபிரிக்க ஆய்வாளர் 1990ஆம் ஆண்டில் இவ்வுண்மையை வெளியிட்டனர். 2004ஆம் ஆண்டில் மேற்கு அவுஸ்திரேலிய ஆய்வாளர், புகையிலிருந்து அவ்வாறு முளைப்பிக்கும் சேர்வையைப் பிரித்தெடுத்தனர். அவ்வகைச் சேர்வைகளுக்குக் 'கரிக்கின்' என்று பெயரிட்டனர். அந்நிலத்து ஆதிக்குடிகளாகிய நூங்கர் மொழியில் புகையைக் குறிக்கும் 'கரிக்' என்னும் சொல்லினின்று எடுக்கப்பட்டது அப்பெயர். அது நம் மொழியின் 'கரி' என்னும் சொல்லோடு ஒலியால் ஒத்திருத்தல் தற்செயலே.

மன்னாரின் பற்றையும் வறண்டது, காற்று மிக்கது, கடலோரமானது. ஆயினும் அங்கே தீ நிலத்தை ஆள்வதில்லை. இதற்குக் காரணங்கள் வெளிப்படையானவை. பற்றைகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவிட்டு நிற்கின்றன. இடையிலே வெறுமணல் கிடக்கின்றது. மழைக்குப்பின் தளிர்க்கும் புல்லையும் மாடும் ஆடும், தீவிற்கே உரிய அடையாளமாகிவிட்ட கழுதைகளும் மேய்ந்துவிடுகின்றன. ஆதலின் தீ பரந்து செல்லுதற்குரிய உலர்புல் விரிப்பு அமைவதில்லை. இடியும் மின்னலும் பெரும்பாலும் மழையோடு சேர்ந்தே வருகின்றன. மழையற்ற சோளகக் காலத்தில் அவை அரியன. எனவே இப்பற்றையைச் செதுக்கி உருவாக்கிய கருவிகள் வறட்சி, உப்பு, காற்று, விலங்கின் வாய் என்னும் நான்குமேயாம். தீயை எதிர்கொள்ளும் செடிகளின் கலை வேறு. இந்நான்கையும் எதிர்கொள்ளும் ஆவிரையின் கலை வேறு. இரண்டற்கும் பொதுவான சில பகுதிகளும் உள.

ஆவிரையின் முதற்காப்பு அதன் இலையமைப்பு. ஒரு பேரிலையின் பரப்பைப் பல சிற்றிலைகளாகப் பகிர்ந்துகொண்டமையால் வெம்மை ஓரிடத்தில் தேங்குவதில்லை. காற்று அவற்றிற்கிடையே புகுந்து செல்லும். இவ்வினத்துச் செடிகள் பலவற்றைப் போல இரவிலே சிற்றிலைகளைக் குவித்துக்கொள்ளவும் இஃது அறியும். வேர் ஆழச் செல்வது. மேல்மணல் காய்ந்தபோதும் கீழுள்ள ஈரத்தைத் தேடிப் பெறும். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த செடிகள் வேர்முடிச்சுகளிலே பற்றீரியங்களை வளர்த்துக் காற்றிலுள்ள நைதரசனைப் பெறுவன என்று மாணவர் கற்றிருப்பர். செனா சாதியின் பெரும்பாலான இனங்கள் அவ்வாறு முடிச்சிடுவதில்லை என்பது அறியத்தக்கது. ஆகவே நைதரசன் அருகிய மணலிலே அரிதிற் பெற்ற சத்தைக்கொண்டு ஆக்கிய இலையை, ஆவிரை எளிதில் இழத்தல் இயலாது. இலையை உதிர்க்காமல் வைத்திருப்பதும், பிறர் உண்ணாமற் காப்பதும் அதற்கு ஒரே தேவையின் இருபுறங்களாகும்.

இக்காப்பினைச் செய்வது அதன் துவர்ப்பொருள். விஞ்ஞானிகள் இதனைத் தனின் என்பர். இப்பொருள் புரதங்களோடு சேர்ந்து அவற்றை இறுகப் பிணிக்கும் ஆற்றலுடையது. துவர்ப்புள்ள பாக்கையோ பழுக்காத வாழைக்காயையோ மென்றவர், நாவும் கன்னமும் இறுகுதலை உணர்ந்திருப்பர். அங்கே நிகழ்வது இப்பிணிப்பே. தழையை மேயும் விலங்கின் வாயிலும் வயிற்றிலும் இவ்வாறே நிகழ்தலின், சுவையும் செரிமானமும் குன்றுகின்றன. கண்டதையெல்லாம் கடிக்கும் ஆடும் ஆவிரையை விரும்பி மேய்வதில்லை. அதனாலேயே ஏனைய தழைகள் மொட்டையடிக்கப்பட்ட மேய்ச்சல் நிலங்களிலும் ஆவிரை மட்டும் தழைத்து நிற்றலைக் காணலாம்.

அடுத்தது விதை. ஆவிரை விதையின் உறை வன்மையானது. நீரை எளிதில் உட்புக விடாது. நாற்றுமேடை அமைப்போர் இவ்விதையை வெந்நீரில் ஊறவைத்தோ, உறையைச் சிறிது தேய்த்தோ விதைப்பதற்கு இதுவே காரணம். தீ நிலங்களில் வாழும் அவரைக் குடும்பச் செடிகளின் விதைகளும் இத்தகைய வன்மையான உறையுடையன. அவற்றைப் பிளப்பது தீயின் வெம்மை. மன்னாரிலே அப்பணியை மணல் செய்கின்றது. பகலிற் கொதித்தும் இரவிற் குளிர்ந்தும், காற்றில் உராய்ந்தும் மணல் அவ்வுறையைச் சிறிது சிறிதாகத் தளர்த்துகின்றது. எல்லா விதைகளும் ஒரே மழையில் முளைத்துவிடுவதில்லை. ஒரு மழை பொய்த்தாலும் மறு மழையை நோக்கிச் சில விதைகள் மண்ணுள் காத்துக்கிடக்கும். வெட்டப்பட்டாலும் அடியினின்று மீளத் துளிர்க்கும் ஆற்றலும் இதற்குண்டு. தீ நிலத்துச் செடிகளோடு ஆவிரைக்குள்ள உறவு இவ்விரண்டிலுமாம்.

மலரின் அமைப்போ இன்னும் நுட்பமானது. ஆவிரைப் பூவிலே தேன் இல்லை. நாடி வரும் வண்டிற்கு அது தருவது மகரந்தம் ஒன்றே. அதனையும் கண்டவர்க்கெல்லாம் அள்ளி வழங்குவதில்லை. மகரந்தப் பைகள் நீளவாட்டில் வெடித்துத் திறவாமல், நுனியிலுள்ள சிறு துளைகளின் வழியாக மட்டுமே பொடியை வெளிவிடும். கரிய பெரிய தச்சு வண்டு போன்றவை பூவைப் பற்றிக்கொண்டு தம் மார்புத் தசைகளை அதிரச்செய்யும்போது, உப்புச் சாடியைக் குலுக்கினாற்போல மகரந்தம் உதிரும். அப்போது எழும் ரீங்காரம் வண்டு பறக்கும் ஒலியினும் வேறானது. கூர்ந்து கேட்போர் வேறுபாட்டை அறிவர். பத்துக் கேசரங்களுள் மேலுள்ள மூன்று வளமற்றவை. எஞ்சியவை நீளத்தால் வேறுபட்டு, சில வண்டிற்கு உணவளிப்பனவும் நீண்ட சில வண்டின் உடலில் மகரந்தத்தைப் பூசி அனுப்புவனவுமாகத் தொழிலைப் பகிர்ந்துகொள்கின்றன. வறண்ட நிலத்தில் நீரைச் செலவிட்டுத் தேன் சுரப்பதைத் தவிர்த்தும், விருந்தினரை இழக்காத சிக்கனம் இது.

விலங்குகள் ஒதுக்கும் இலையையும் உண்ணப் பழகிய உயிர் ஒன்றுண்டு. வெண்மையும் இளமஞ்சளும் கலந்த ஒருவகை வண்ணத்துப்பூச்சியின் புழு, ஆவிரையையும் அதன் இனச்செடிகளையும் தின்று வளர்கின்றது. இலங்கையிலே குறித்த பருவங்களில் இவ்வகை வண்ணத்துப்பூச்சிகள் கூட்டங்கூட்டமாக ஒரே திசை நோக்கிப் பறத்தலைப் பலரும் கண்டிருப்பர். அவை சிவனொளிபாத மலைக்கு யாத்திரை செல்கின்றன என்பது நாட்டு மக்களின் நம்பிக்கை. வறண்ட நிலத்துப் பற்றை இல்லையாயின் அவ்யாத்திரிகருக்கு ஊட்டிய தாய்வீடு குறைந்துபோம்.

இனி மனிதரோடு ஆவிரைக்குள்ள தொடர்பை நோக்குவோம். சங்கப் புலவர் இச்செடியை நன்கு அறிந்திருந்தனர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறிய மலர்களுள் ஆவிரையும் ஒன்று. ஆயினும் மடலேறும் வழக்கத்திலேதான் இம்மலர் தனிச்சிறப்புப் பெறுகின்றது. தன் காதலியைப் பெறமாட்டாத தலைவன், பனங்கருக்கால் குதிரை போன்றதோர் உருச்செய்து, அதற்கு ஆவிரைப் பூமாலை அணிந்து, ஊர்த்தெருவிலே அதன்மேல் ஊர்ந்து தன் துயரை வெளிப்படுத்துவன் என்பது நூல்கள் கூறும் மரபு. குறுந்தொகையின் 173ஆம் பாட்டு ஆவிரை சூடிய மடல்மாவைக் காட்டுகின்றது. கலித்தொகையிலே ஆவிரையோடு எருக்கும் பூளையும் சேர்த்துக் கூறப்படுகின்றன. இவை யாவும் சோலை மலர்களல்ல. ஊர்ப்புறத்து வறண்ட வெளியில் எவர்க்கும் உரிமையின்றி மலர்வன. நாணத்தைத் துறந்தவன் சூடுதற்கு வளர்ப்பாரற்ற மலர்கள் பொருந்தின போலும். தலைமன்னார்ப் பற்றையை நோக்கின், பனையும் ஆவிரையும் எருக்கும் ஒரே வெளியில் நிற்றலைக் காண்கின்றோம். மடல் மரபின் புறப்பொருள்கள் மூன்றும் ஓரிடத்தனவாதல், அம்மரபு எத்தகைய நிலத்தை அறிந்தோர் வாயினின்று பிறந்தது என்பதைச் சிந்திக்கத் தூண்டுகின்றது.

அம்மலர் இன்றும் மக்கள் வாழ்வினின்று நீங்கிற்றில்லை. கொங்கு நாட்டார் பொங்கலை ஒட்டிக் காப்புக் கட்டும்போது வேம்பு, பூளை என்பவற்றோடு ஆவாரம்பூவையும் சேர்ப்பர். தெலுங்கானாவில் மகளிர் எடுக்கும் பதுக்கம்மா விழாவில் இப்பூவிற்குச் சிறப்பிடம் உண்டு; 2014ஆம் ஆண்டில் அம்மாநிலம் இதனையே தன் மாநில மலராகக் கொண்டது. ஆவாரை பூத்திருக்கும் ஊரிலே சாவாரைக் காண்பதரிது என்னும் கருத்துடைய பழமொழி, இச்செடியின் மருத்துவப் பெருமையை உணர்த்துகின்றது. சித்த மருத்துவர் இதன் வேர், பட்டை, இலை, பூ, வித்து ஆகிய ஐந்தையும் பயன்படுத்துவர். நீரிழிவிற்கு வழங்கும் ஆவாரைக் குடிநீர் அவற்றுட் புகழ்பெற்றது. இலங்கையிலே சிங்கள மக்களும் தமிழரும் உலர்ந்த பூவைக் கொதிநீரிலிட்டுத் தேநீர் போலப் பருகுவர்.

இப்பயன்பாட்டை இக்கால ஆய்வு முற்றாகத் தள்ளவுமில்லை, முற்றாக உறுதிசெய்யவுமில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு ஆவிரைப்பூச் சாற்றைக் கொடுத்தபோது குருதியிலுள்ள வெல்லம் குறைந்தமை காட்டப்பட்டது. எலியிற் கண்டது மனிதரிடத்தும் அவ்வாறே நிகழும் எனக் கொள்ளல் ஆகாது. இலங்கை ஆய்வாளர் செய்த மற்றொரு சோதனையில், ஆவிரைக் கஷாயத்தோடு வலிப்பு மருந்தாகிய காபமசெப்பீனைக் கொடுத்தபோது அம்மருந்தின் அளவு எலிகளின் குருதியில் மிகுந்தமை அறியப்பட்டது. எனவே வேறு மருந்துகளை உண்போர் இதனைத் தீங்கற்ற நீராகக் கருதிப் பருகுதல் தகாது. மருத்துவரை வினாவுதல் வேண்டும். ஆற்றலுள்ள பொருளுக்கே பக்க விளைவும் உண்டு.

மருந்தினும் பெரிய அளவில் ஆவிரை பயன்பட்டது தோல் பதனிடும் தொழிலிலேயாம். சேதுவின் இருகரையிலும் இச்செடி ஒன்றே. எனினும் அத்தொழில் பெருகியது எதிர்க்கரையிலுள்ள தமிழ்நாட்டில். உரித்த தோலை அப்படியே விட்டால் அழுகும். உலர்த்தினால் விறைத்து வெடிக்கும். துவர்ப்பொருள் கலந்த நீரிலே ஊறவைத்தால், அப்பொருள் தோலின் புரத நார்களோடு பிணைந்து அவற்றை அழுகாத, மடங்கும் தோலாக மாற்றும். முன்னர்க் கூறிய பிணிப்பே இது. ஆட்டின் வாயை விலக்குதற்கு ஆவிரை ஆக்கிய பொருள், ஆட்டின் தோலைக் காக்கும் பொருளாயிற்று. ஆவாரம்பட்டையிலே ஏறக்குறைய 18 வீதம் தனின் உண்டு. தோலைச் சுண்ணாம்பு நீரிலிட்டு மயிரகற்றி, பட்டை நீரிற் பல நாள் மாற்றி மாற்றி ஊறவைத்து, இறுதியிற் கடுக்காய் நீரிலிட்டு நிறந்தெளிவித்து, எண்ணெய் பூசி உலர்த்துவர். இம்முறையால் உண்டான வெளிர்நிறத் தோல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்திற்குப் பெருந்தொகையாக ஏற்றுமதியாயிற்று. திண்டுக்கல், ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களின் வளம் இவ்வெளிய பட்டையின்மீது எழுந்ததாகும்.

ஆயினும் தேவை பெருகியபோது காட்டுச் செடியிலிருந்து உரிக்கும் பட்டை போதவில்லை. தென்னாபிரிக்காவிலிருந்து 'வாற்றில்' என்னும் ஒருவகை வேலமரத்தின் பட்டை இறக்குமதி செய்யப்பட்டது. அதன் துவர்ச்சத்து ஆவாரம்பட்டையினும் மிகுதி. பின்னர் அம்மரத்தை நீலகிரியிலும் பழனி மலையிலும் பரவலாக நட்டனர். மலையுச்சிப் புல்வெளிகள் 'வெறும் புல்' என எண்ணப்பட்டமையே அதற்கு இடமளித்தது. இன்று அம்மரங்கள் அப்புல்வெளிகளை விழுங்கிப் பரந்து, மீட்டற்கரிய இடராகியுள்ளன. மறுபுறம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் அறிமுகமான குரோமப் பதனீடு காலப்போக்கிற் பெரிதும் பரவியது. தோற்சாலைகளின் கழிவால் பாலாறும் அதன் கரைநிலங்களும் கெட்டமை குறித்து இந்திய உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் வழங்கிய தீர்ப்பு யாவரும் அறிந்தது. பட்டைப் பதனீடும் கழிவற்றதன்று. அதற்கே மீளல் வேண்டும் என்பதும் எம் கருத்தன்று. ஒரு நிலத்தை வெறுநிலம் என்று பெயரிட்ட அளவில் அந்நிலத்தின் கேடு தொடங்கிவிடுகின்றது என்பதையே இவ்வரலாறு காட்டுகின்றது.

அப்பெயர் மன்னாருக்கும் இடப்பட்டுள்ளது. பற்றை, தரவை, தரிசு என்னுஞ் சொற்களை நாம் பயனின்மையைக் குறிக்கவே வழங்குகின்றோம். உண்மையில் ஆவிரையோடு அங்கு வாழும் செடிகள் பல. குடைபோல் விரிந்த உடைமரம், தமிழ்நாட்டின் தென்கரைக்கும் நம் வடகரைக்கும் பொதுவானது. இரு கரையும் ஒரே நிலத்தின் துண்டுகள் என்பதற்குச் சான்றாய் நிற்கின்றது. உப்பைத் தாங்கும் உகாய், பல் விளக்கும் குச்சி தரும். விடத்தல் என்னும் முட்செடி, எதிர்க்கரையிலுள்ள விடத்தல்தீவின் பெயரிலே காணப்படுகின்றது. சூரையும் இலந்தையும் பறவைக்குப் பழந்தரும். இவற்றின் வேர்களே மணலைப் பிணித்துச் சோளகக் காற்று அதனை அள்ளிச் செல்லாமற் காப்பன. வடதிசை நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் வரும் பறவைகள் முதலில் இறங்கும் இடங்களுள் மன்னாரும் ஒன்று. அயலிலுள்ள வங்காலை 2008ஆம் ஆண்டில் சரணாலயமாகவும், 2010ஆம் ஆண்டில் அனைத்துலகச் சிறப்புடைய ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது.

இப்பற்றைக்கு இன்று நேரும் இடர்கள் மூன்று. அயல்நாட்டிலிருந்து வந்து, தமிழ்நாட்டிற் சீமைக்கருவேல் என வழங்கும் முள்மரம் ஒன்று. இதன் காயை ஆடுமாடும் கழுதையும் தின்று விதையைப் பரப்பும். ஆவிரையைக் காத்த விலங்கின் வாய் இங்கே அதன் பகைவனுக்குத் துணையாகின்றது. இரண்டாவது, நிலத்தைத் திருத்தி எழும் பெருங்கட்டடங்கள். தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைக் கொண்ட மின்னிலையம் 2020ஆம் ஆண்டு திசெம்பரில் திறக்கப்பட்டது. அதன் ஆற்றல் ஏறக்குறைய 100 மெகாவாற்று. எண்ணெயும் கரியும் எரிக்காமற் பெறும் மின்சாரம் நாட்டிற்கு வேண்டியதே. மூன்றாவது, தீவின் மணலில் உள்ள இல்மனைற்று முதலிய கனியங்களை அகழும் முயற்சி. புதிய காற்றாலைகளுக்கும் கனியமணல் அகழ்விற்கும் எதிராக 2025ஆம் ஆண்டில் மன்னார் மக்கள் பலநாட் போராட்டம் நடத்தினர். அவர் கேட்டவை நிலம், நீர், தொழில் என்பன பற்றியவை. அக்கேள்விகளுக்கு விடைகாணுதல் அரசினரும் அறிஞரும் மக்களும் கூடிச் செய்தற்குரியது. ஆயின் எந்த விடை கண்டாலும், இழக்கப்படுவது இன்னது என்னும் கணக்கு முதலில் இருத்தல் வேண்டும். வெற்றிடத்திற்குக் கணக்கெழுதுவார் இலர். பற்றை வெற்றிடமாகக் கருதப்படும் வரை அதன் இழப்பும் எழுதப்படாது.

அக்கணக்கை எழுதுதற்குப் பெருஞ்செல்வமோ அரிய கருவிகளோ வேண்டா. ஹென்றி திறைமன் என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய தம் பெருநூலை எழுதியபோது, செடி வளரும் இடத்தையும் பூக்கும் காலத்தையும் நாட்டு வழக்குப் பெயர்களையும் குறித்துவைத்தார். ஒரு கல்லூரியின் மாணவர் சிலர் ஆசிரியரொருவரின் துணையோடு ஆண்டுதோறும் ஒரே பற்றைவெளிக்குச் சென்று, எந்தச் செடி எப்போது பூக்கின்றது, எந்த வண்டு வருகின்றது, எங்கே சீமைக்கருவேல் புகுந்துள்ளது என்று குறித்து வருவராயின், பத்தாண்டில் அது எவரும் ஒதுக்கவியலாத சான்றாகும். ஊர்ப் பெரியோரிடம் செடிகளின் பெயரையும் பயனையும் கேட்டெழுதுதல் இன்னும் விரைந்து செய்யத்தக்கது. நீண்ட போராலும் இடப்பெயர்வாலும் அவ்வறிவு கைமாறும் சங்கிலி பல இடங்களில் அறுந்துள்ளது. செடி அழிந்தாலும் விதை மண்ணுள் காத்துக்கிடக்கும்; பெயரறிந்தார் மறைந்தபின் அப்பெயர் அவ்வாறு காத்திருப்பதில்லை.

தீயை அறியாத அப்பற்றையிலே, வறட்சியையும் உப்பையும் காற்றையும் விலங்கின் வாயையும் பொறுத்து நின்ற ஆவிரை, தன்னைக் காத்த துவரால் நம் தோற்றொழிலை வளர்த்தது. தன் மலரால் புலவர்க்குப் பொருளும் நோயாளர்க்கு நம்பிக்கையும் தந்தது. அது நிற்கும் நிலத்தை அறிந்து பெயர்சொல்லி அழைத்தல், அந்நிலத்தைக் காத்தற்கு முதற்படியாகும். இளைஞர் அப்படியில் அடியெடுத்து வைப்பாராக.